கேமரா கேள்வி-பதில்: பெரியதா, சட்டைப்பையில் அடங்குவதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த பெரிய கேமரா) ஒன்று வாங்கலாமா, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் கேமரா போதுமா? எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் எழுத முடியவில்லை. ஒருவர் எடுக்கப்போவது நடனம், இன்னொருவர் எடுக்கப்போவது பாதயாத்திரை. அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நான்கு வருடமாகப் பரதநாட்டியம் கற்கிறாள். தை மாதம் சலங்கை பூஜை. ஆண்டு விழாவில் போனில் எடுத்த படங்களில் கை, கால் எல்லாம் கரைந்துபோயிருக்கிறது, முகமே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிஎஸ்எல்ஆர் வாங்கச் சொல்கிறார். என் தம்பியோ, "அக்கா, அதை நீ ஒரு மாசம் தூக்குவே, அப்புறம் பீரோவுலதான் கிடக்கும், சின்னதா ஒண்ணு வாங்கு" என்கிறான். கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மயிலாடுதுறை

உங்களுக்கு டிஎஸ்எல்ஆர்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் விட்ட ஒரு பொருளையும் சேர்த்து வாங்கினால்தான். இல்லையென்றால் உங்கள் தம்பி சொன்னதுதான் நடக்கும்.

போனில் ஏன் கரைந்தது என்று முதலில் பார்ப்போம். மேடை விளக்கு நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் கேமராவுக்கு அது குறைந்த வெளிச்சம்தான். வெளிச்சம் போதாதபோது போன் ஒரு படத்துக்கு அதிக நேரம் வெளிச்சத்தைச் சேர்க்கிறது, அல்லது வரிசையாகப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. இரவில் கோபுரத்தை எடுக்க அது அருமையான வழி, கோபுரம் அசைவதில்லை. குதித்துமெட்டு அடவு செய்கிற பிள்ளைக்கு அது ஆகாது. கை ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடம் போய்ச் சேர்வதற்குள் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, மூடியிருக்க வேண்டும், அதற்கு 1/250 விநாடியாவது வேண்டும், 1/500 கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த 1/250 விநாடிக்குள் உள்ளே வருகிற கொஞ்ச வெளிச்சத்தை வைத்துத்தான் படம் உருவாக வேண்டும். சின்ன கேமராக்களில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு, பெரும்பாலும் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். ஒரு துவரம்பருப்பு அளவு. ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரில் அது ஏறக்குறைய 23-க்கு 15 மி.மீ., சின்ன அஞ்சல்தலை அளவு. பரப்பளவில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. அதோடு சின்ன கேமராவின் ஜூமை நீட்ட நீட்ட லென்ஸ் துளை சுருங்கிக்கொண்டே போகும். கேனான் இக்சஸ் 285 ஹெச்எஸ் என்ற கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள், 12 மடங்கு ஜூம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதில் அகலக் கோணத்தில் எஃப் 3.6 இருப்பது, முழுக்க நீட்டியதும் எஃப் 7 ஆகிவிடும். எண் ஏறினால் வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜூம் பண்ணி மகளின் முகத்தைப் பிடிக்கலாம் என்று நினைத்து இதை வாங்கினால், போனில் வந்த அதே கரைந்த படம்தான் வரும்.

சரி, அப்படியானால் டிஎஸ்எல்ஆர் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நிறைய பேர் பணத்தைப் போட்டு மனம் நொந்துபோகிறார்கள். கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 மி.மீ. லென்ஸ், கிட் லென்ஸ் என்பார்களே, அது 55-க்குப் போனதும் எஃப் 5.6 ஆகிவிடும். பகலில் நன்றாக இருக்கும், மேடைக்குப் போதாது. என் தங்கை மகளின் அரங்கேற்றத்தை நான் இந்த லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்தேன். முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தும் அவள் கையில் கொடுக்கிற மாதிரி பத்துகூடத் தேறவில்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த நாள் திரும்பி வராது என்பது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் சேர்த்து வாங்க வேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். ஜூம் கிடையாது, கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கேனான், நிகான் இரண்டிலுமே மிக விலை குறைந்த லென்ஸ்களில் இது ஒன்று. 5.6-க்கும் 1.8-க்கும் உள்ள வித்தியாசம் வெளிச்சக் கணக்கில் ஒன்பது மடங்குக்கு மேல். கிட் லென்ஸில் 1/25 விநாடி தேவைப்படுகிற இடத்தில் இதில் ஏறக்குறைய 1/250-ல் முடிந்துவிடும். கரைந்த கையும் விரல் நுனிவரை தெளிவான கையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

அதனால் நாற்பதாயிரத்தையும் புதுக் கேமராவில் போட்டுவிடாதீர்கள். நிகானில் டி3300, டி3400, டி3500, கேனானில் 1500டி, 200டி, இவற்றில் ஒன்று நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் எடுங்கள். எல்லாமே 24 மெகாபிக்சல்தான், உங்கள் வேலைக்கு எது கிடைத்தாலும் சரி. மிச்சப் பணத்தில் லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். நிகான் எடுத்தால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மேலே சொன்ன நிகான் கேமராக்களின் பாடியில், அதாவது லென்ஸ் தவிர்த்த கேமராவில், ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-எஸ்' என்று போட்ட 50 மி.மீ. வாங்கினால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய 'டி' வகை லென்ஸ் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால், அதை ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டு இருக்க வேண்டும், ஆடுகிற பிள்ளைக்கு அது நடக்காது. கேனானின் ஈஎஃப் லென்ஸ்களில் இந்தச் சிக்கல் இல்லை, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய கேமராவைப் பார்க்கும்போது எத்தனை படம் எடுத்தது என்று கேளுங்கள். நிகானில் அந்த எண்ணிக்கை படக் கோப்பிலேயே பதிந்திருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். கல்யாண வீடுகளுக்கு ஓடிய கேமரா என்றால் இதை அவசியம் பாருங்கள், லட்சத்தை நெருங்கியிருந்தால் வேறு பார்ப்பது நல்லது. வெள்ளைச் சுவரைத் துளை எஃப் 16-ல் வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

இனி சலங்கை பூஜை அன்றைக்கு. மேடையிலிருந்து ஆறு மீட்டர் தூரத்தில், அதாவது மூன்றாம் நான்காம் வரிசையில் உட்காருங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரம் படத்துக்குள் அடங்கும், கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் வெட்டுப்படாது. எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்கிற எம் மோடில் 1/250, எஃப் 2, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 3200 வைத்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டு படத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆட்டோவில் விட்டால் பின்னால் இருக்கிற கறுப்புத் திரையைப் பார்த்து இருட்டு என்று நினைத்துக்கொண்டு கேமரா முகத்தை வெளுக்க வைத்துவிடும். ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். துளையை இவ்வளவு திறந்தால் பாதி உடம்பு மங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆறு மீட்டரில், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒரு மீட்டர் போலத் தெளிவாகவே இருக்கும். ஃபிளாஷ் போடவே போடாதீர்கள். பிள்ளைகளின் கவனம் சிதறும், விளக்கு அமைத்தவரின் வேலையும் வீணாகும்.

இன்னொன்று, இது கேமராவில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. நான்கு வருடமாக வகுப்பு வாசலில் உட்கார்ந்து கேட்ட ஜதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். தீர்மானம் முடிகிற இடத்தில் 'ததிங்கிணதொம்' என்று வருகிறதே, அந்தத் தொம்மில் பிள்ளை தட்டி நின்றுவிடுவாள், கண், கை, அரைமண்டி எல்லாம் ஒரு நொடி அப்படியே நிற்கும். அந்தத் தொம்முக்கு ஒரு இம்மி முன்னால் விரலை அழுத்துங்கள். வாடகைக்கு வருகிற போட்டோகிராபருக்குத் தெரியாத இடம் அது.

உங்கள் தம்பியின் பேச்சையும் தள்ளிவிடாதீர்கள். சலங்கை பூஜைக்கு முந்தின நாள் பெட்டியைப் பிரித்தால் ஒன்றும் வராது. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, இந்த மாதமே வகுப்புக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடி மேலே போய் இறங்குகிற 'டக்' சத்தம் ஆசிரியையின் நட்டுவாங்கத்துக்கு இடைஞ்சலாக இருந்தால், நிகான் கேமராக்களில் குவயட் மோட் என்று ஒன்று இருக்கும், சத்தம் முழுதும் போகாது, கொஞ்சம் அடங்கும். வாரம் இரண்டு வகுப்பு, எட்டு வாரம், அவ்வளவு பழக்கம் போதும். அதற்கு நேரம் இருக்காது என்று இப்போதே தெரிந்தால், கேமரா வாங்காதீர்கள், அந்தப் பணத்தில் நடனம் எடுத்துப் பழகிய ஒருவரை அன்றைக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, இதுதான் கடைசி நடை என்கிறார். நல்ல படங்கள் வேண்டும். நண்பர் தன் டிஎஸ்எல்ஆரைத் தருகிறேன் என்கிறார், வாங்கிப் போகட்டுமா?
– வாசகர், காரைக்குடி

வேண்டாம். நிகான் டி3500 போன்ற எடை குறைந்த டிஎஸ்எல்ஆர்கூட கிட் லென்ஸோடு 600 கிராமைத் தாண்டும். முதல் நாள் தெரியாது, மூன்றாம் நாள் கழுத்தில் தெரியும், நான்காம் நாள் அது பின்னால் வருகிற வண்டியில் ஏறிவிடும், அப்பா உங்கள் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார். இரவல் பொருள் என்ற கவலை வேறு. மேலே சொன்ன இக்சஸ் மாதிரி கேமரா 150 கிராமுக்குள். சட்டைப்பையில் இருக்கும், அப்பா ஓரமாக உட்கார்ந்து காலைத் தடவிக்கொள்கிற நேரத்தில் கையில் இருக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் போன் கடந்த மூன்று நான்கு வருடத்துக்குள் வாங்கிய நல்ல போன் என்றால், அதன் முக்கியக் கேமராவின் சென்சார் இந்தச் சின்ன கேமராக்களைவிடப் பெரிதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சின்ன கேமராவில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது உண்மையான ஜூம், நிஜமான ஃபிளாஷ், அப்புறம் போன் பேட்டரி மிச்சம். இது போதுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு செய்யத் தயார் என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சோனி ஆர்எக்ஸ்100, 2012-ல் வந்த முதல் மாடலே போதும், பழையது தேடினால் கிடைக்கும். 240 கிராம்தான், ஆனால் உள்ளே இருக்கிற சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ., சாதாரணச் சின்ன கேமராவைப்போல நாலு மடங்கு. ஜூம் போடாமல் வைத்தால் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கூட்டம் கிளம்புகிற காட்சிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு தோன்றவில்லை.

இப்படிப்பட்ட சின்ன கேமராக்களில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இக்சஸில் ஒரு சார்ஜுக்கு 180 படம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கூட இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் தலையில் துண்டு போட்டிருக்கும் அப்பாவின் கண் நிழலில் மறைந்துவிடும், இரண்டு மீட்டருக்குள் நின்று ஃபிளாஷைப் போட்டு எடுங்கள், முகம் தெளியும். முக்கியமாகத் தூசி. ஒருமுறை கடற்கரையில் என் சின்ன கேமராவின் லென்ஸ் வெளியே நீண்டிருந்தபோது மணல் புகுந்து, பாதியில் நின்றது நின்றதுதான், உள்ளே போகவே இல்லை. ரிப்பேருக்குக் கேட்ட பணத்துக்கு இன்னொரு கேமரா வாங்கியிருக்கலாம். எடுத்து முடித்ததும் அணைத்து ஜிப் கவருக்குள் போட்டுவிடுங்கள்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய பழைய டிஜிட்டல் கேமராதான் வேண்டும் என்று கல்லூரியில் படிக்கிற மகன் அடம்பிடிக்கிறான். அதில் எடுத்தால் படம் தனி அழகாம். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

விலை குறைவாகக் கிடைத்தால் கொடுங்கள், நல்ல ஆசைதான். அந்த ஃபிளாஷ் வெளிச்சமும் நிறமும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடிக்கும். கடையில் இரண்டை மட்டும் பாருங்கள். முதலாவது மெமரி கார்டு. 2006-க்கு முன்னால் வந்த பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது, அதற்கு அப்புறம் வந்தவற்றிலும் 32 ஜிபிக்கு மேல் போகாதவை நிறைய. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் எக்ஸ்டி என்று வேறு கார்டு, பழைய சோனியில் மெமரி ஸ்டிக். கார்டு இல்லாமல் கேமராவை மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள், தேடி அலைய வேண்டும். இரண்டாவது பேட்டரி. உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். சாதாரண ஏஏ பேட்டரி போடுகிற மாடல் கிடைத்தால் அதுதான் நல்லது, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

டிஎஸ்எல்ஆர் தயாரிப்பையே நிறுத்தப்போகிறார்களாமே, இப்போது வாங்கினால் வீண்தானே?
– வாசகர், ஓசூர்

நிகான் டி3500-ஐ 2022-லேயே நிறுத்திவிட்டது, புது மாடல்கள் எல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம்தான் வருகின்றன, அது உண்மை. ஆனால் உங்கள் கையில் இருக்கிற கேமரா அதற்காகப் படம் எடுப்பதை நிறுத்தாது. எல்லாரும் மாறுவதால் பழையதின் விலை இறங்கியிருக்கிறது, கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். லென்ஸில் போட்ட காசும் வீணாகாது. கேனானின் ஈஎஃப் லென்ஸ்களை அவர்களுடைய மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாம், நிகானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களையும் அப்படியே. வீடியோதான் உங்கள் முக்கிய வேலை என்றால் மட்டும் நான் மிரர்லெஸ் வாங்கச் சொல்வேன். டி3500, 1500டி இரண்டுமே திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸில் தடுமாறும், ஓடுகிற குழந்தையை வீடியோவில் பின்தொடர அவற்றால் முடியாது.

வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணன் விட்டுப்போன டிஎஸ்எல்ஆர் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. இந்த ஊருக்குச் சின்ன கேமராதான் சரியோ?
– வாசகி, நாகப்பட்டினம்

அது பூஞ்சை. சின்ன கேமராவுக்கும் வரும், வந்தால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் அந்த லென்ஸைக் கழற்ற முடியாது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸை மட்டும் கொடுத்துச் சுத்தம் செய்யலாம், கண்ணாடியின் பூச்சையே அரித்திருந்தால் லென்ஸை மட்டும் மாற்றலாம், பாடி தப்பித்துவிடும். அதனால் உங்கள் ஊருக்குப் பெரிய கேமராவே நல்லது என்பேன்.

காரணம் ஈரம்தான். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அதற்குக் கேட்கவே வேண்டாம். தோல் பையில் பூட்டி பீரோவில் வைப்பதைப்போலக் கெடுதல் வேறில்லை, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு போட்டு வைக்கிற மாதிரி காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்களும் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் போடுங்கள். 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும், ரொம்பக் காய்ந்தாலும் ரப்பருக்கு ஆகாது. நீல நிற சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். கையால் தொட்டு, அந்தக் கையோடு சாப்பிட வேண்டாம்.

பூஞ்சை பிடித்த அந்த லென்ஸை நல்ல லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஓரத்தில் மட்டும் படர்ந்திருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்னால் இருந்து பாருங்கள், நடுவரைக்கும் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நடுவில் இல்லையென்றால் சுத்தம் செய்யக் கொடுங்கள், இருந்தால் எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், கிட் லென்ஸ்தான் என்றால் பழையது ஒன்று வாங்குவதே மலிவாக முடியலாம். அண்ணனுடைய கேமராவின் பாடியில் மூடி போட்டிருந்தால் கழற்றி, ரப்பர் பிசுபிசுக்கிறதா, பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள், அடுத்த மாதம் மேற்கொண்டு சொல்கிறேன்.